ஐந்து நிமிடப் பாடம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் மூன்று நாள் பயிற்சி என்று தலைமையாசிரியை கனகலட்சுமி சொன்னபோது, ஜெயக்கொடி டீச்சர் சரி என்றாள். பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்திருக்கிறது, அதை வைத்துப் பாடம் நடத்தக் கற்றுத்தருகிறார்கள், ஐந்தாம் வகுப்பில்தான் முதலில் மாட்டியிருக்கிறோம், அதனால் நீங்கள் போனால்தான் நல்லது என்று கனகலட்சுமி காரணங்களைச் சொல்லிக்கொண்டே போனார். ஜெயக்கொடி மறுபடியும் சரி என்றாள். போன வருஷம் என்றால் சண்டை பிடித்திருப்பாள். பரீட்சை நெருங்குகிற நேரத்தில் பயிற்சி என்ன பயிற்சி, நான் போய்விட்டால் என் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று வராந்தாவில் நின்று சத்தம் போட்டிருப்பாள். கனகலட்சுமி அதற்கும் தயாராகத்தான் இருந்தார். சண்டை வராததால் என்ன செய்வதென்று தெரியாமல், பஸ் வசதி நல்லா இருக்கு டீச்சர் என்று சம்பந்தமில்லாமல் ஒன்றைச் சொல்லி முடித்துக்கொண்டார்.

ஜெயக்கொடிக்கு ராஜபாளையத்தில் வீடு. தளவாய்புரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை பியூலாவும் செய்துகொள்ளவில்லை. யாரும் தடுத்ததில்லை, யாரும் சபதம் எடுத்ததுமில்லை, வந்த இடங்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போய், ஒரு கட்டத்தில் இரண்டு பேருமே அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள். பியூலா ஒரு பேண்டேஜ் கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். வீட்டில் போன் சம்பந்தப்பட்டது எல்லாமே அவள் பொறுப்பு. பள்ளிக்கூடத்திலிருந்து எந்தப் புது ஆப் வந்தாலும் ஜெயக்கொடி சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் போனைத் தங்கையிடம் நீட்டுவாள். பியூலா திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் செய்து கொடுப்பாள்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பியூலா, தோள்பட்டை ஒரு மாதிரி இழுக்குதுக்கா என்றாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கூடப்பிறந்தவள் செத்ததற்கு எவ்வளவு துக்கம் என்று ஊருக்கு ஒரு அளவு இருக்கிறது. புருஷனுக்கும் பிள்ளைக்கும் உள்ள அளவு அதற்குக் கிடையாது. சபைக்காரர்கள் வந்து ஜெபித்தார்கள். பள்ளியிலிருந்து எல்லாரும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் ஜெயக்கொடி வேலைக்குத் திரும்பியபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. அவளுக்கும் சிரமமாகத் தெரியவில்லை. சமைத்தாள், சாப்பிட்டாள். தூக்கம்கூட நன்றாக வந்தது. அடக்கம் அன்று அழாதவளை, திடமான மனுஷி என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

வகுப்பும் நன்றாக நடந்தது. முன்னைக்கு இப்போது நன்றாகவே நடந்தது என்று சொல்ல வேண்டும். அவள் உள்ளே நுழைந்தால் பிள்ளைகள் கையைக் கட்டி உட்கார்ந்தார்கள். ஒருவரை ஒருவர் கிள்ளுவதில்லை, கோள் சொல்வதில்லை. ஐந்தாம் வகுப்பைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பிரார்த்தனைக் கூட்டத்தில் மற்ற வகுப்புகளுக்குச் சொன்னார்கள். ஜெயக்கொடி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

பயிற்சி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியின் பெரிய கூடத்தில் நடந்தது. கருத்தாளராக வந்திருந்த நவநீதகிருஷ்ணன் நாற்பதைத் தொடாதவர், ராஜபாளையத்துக்காரர், பேச்சில் கலகலப்பு உண்டு. போர்டைத் தொட்டால் உடையாது, தைரியமாகத் தொடுங்கள், அரசாங்கம் உங்களைக் கேட்காது என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். சுவரில் மாட்டியிருந்த அந்தப் பெரிய திரையில் விரலால் கோடு போட்டார், கோட்டை வட்டமாக்கினார், வட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டினார். ஆசிரியர்கள் ஒவ்வொருவராகப் போய்த் தொட்டுப் பார்த்தார்கள். ஜெயக்கொடியும் போய்த் தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அவளுக்குப் பக்கத்தில் அசீனா. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே வேலை பார்ப்பவள், வயதில் சின்னவள், ஸ்கார்ஃபை ஊசி குத்திக் கச்சிதமாகப் போட்டிருந்தாள். எல்லாரும் அவரவர் மெயிலுக்குள் போக வேண்டும், அப்போதுதான் பாடப் படங்களைச் சேமித்து வைக்க முடியும் என்று நவநீதகிருஷ்ணன் சொன்னார். ஜெயக்கொடிக்குத் தன் மெயிலின் பாஸ்வேர்ட் தெரியாது. அசீனா போனை வாங்கி, பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று போட்டாள். அது ஒரு நம்பருக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாகச் சொன்னது. நம்பரின் கடைசி எண்களை ஜெயக்கொடி பார்த்தாள். அது பியூலாவின் நம்பர். அந்த போன் வீட்டில் அலமாரிக்குள் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது.

வீட்டில் யாராவது இருந்தால் அந்த ஓடிபியைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள் என்றாள் அசீனா. வீட்டில் யாரும் இல்லை என்றாள் ஜெயக்கொடி. அப்படியானால் புதிதாகத்தான் ஒன்று தொடங்க வேண்டும், பழையதில் இருப்பதெல்லாம் வராது, பரவாயில்லையா என்று அசீனா கேட்டாள். பழையதில் பாடங்களுக்காகப் பியூலா தேடித்தேடி இறக்கி வைத்த படங்கள் எல்லாம் இருந்தன. பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் தன் பெயரை அடித்தாள் ஜெயக்கொடி.

இரண்டாம் நாள், இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, ஒருவர் ஐந்து நிமிடம் பாடம் நடத்த வேண்டும், மற்றவர் போனில் வீடியோ எடுக்க வேண்டும் என்றார்கள். மதியத்துக்கு முன்பு எல்லா வீடியோக்களையும் பெரிய திரையில் போட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. கூடம் முழுக்க ஆளுக்கொரு மூலையில் நின்று பாடம் நடத்தினார்கள். கல்யாண வீடு மாதிரி இருந்தது.

ஜெயக்கொடி பின்னங்கள் நடத்தினாள். அரையும் நான்கில் இரண்டும் ஒன்றுதான் என்ற பாடம். திரை காலியானபோது அதில் ஒரு தோசையை வரைந்து, அதை இரண்டாகவும் நான்காகவும் வெட்டிக் காட்டினாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிழையில்லாமல் நடத்தக்கூடிய பாடம் அது. ஓரிடத்திலும் தடுமாறவில்லை. முடிந்ததும் அசீனா போனை இறக்கிவிட்டு அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

மற்றவர்களின் வீடியோக்களுக்குக் கூடம் சிரித்துத் தீர்த்தது. ஒரு வாத்தியார் முழுப் பாடத்தையும் கேமராவுக்கு முதுகைக் காட்டியே நடத்தியிருந்தார். இன்னொரு டீச்சரின் குரலுக்கு மேலே வெளியே கத்தரிக்காய் விற்கும் வண்டிக்காரரின் மைக் கேட்டது. அடுத்து ஜெயக்கொடியின் வீடியோ வந்தது.

திரையில் ஒரு பெண் நின்றாள். ஆள் உயரத்துக்கும் பெரிய உருவம். காட்டன் சேலை, காதில் சின்னத் தோடு. தெளிவாகப் பேசினாள். தோசையை வெட்டினாள். ஆனால் அவள் முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. வாய் அசைந்தது, மற்றது எல்லாம் அப்படியே இருந்தது. கண் எதிரே இருந்த யாரையும் பார்க்கவில்லை, அவர்களுக்குப் பின்னால் சுவரில் எங்கோ நின்றது. கூடத்தில் சிரிப்பு அடங்கிப் போயிற்று. இந்தப் பொம்பளைக்கு உடம்புக்கு என்னவோ, லீவு போட்டிருக்கலாமே என்று ஜெயக்கொடி ஒரு கணம் நினைத்தாள். நினைத்த பிறகுதான் அது தான் என்பது உறைத்தது.

வீடியோ முடிந்தது. நவநீதகிருஷ்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, பாடம் ரொம்பச் சுத்தமாக இருக்கிறது டீச்சர், வெளிச்சம்தான் கொஞ்சம் குறைச்சல் என்றார். ஜன்னல் பக்கம் நின்று எடுத்தால் நன்றாக வரும் என்றும் சொன்னார். பிறகு அடுத்த வீடியோவை அவசரமாகப் போட்டார்.

மதியம் சாப்பாட்டுக்கு முன்பு குழாயடியில் கை கழுவிக்கொண்டிருக்கும்போது அசீனா பக்கத்தில் வந்து நின்றாள்.

"வீட்டுல யாரு டீச்சர் தவறிட்டாங்க?"

"ஏன் கேக்கீங்க?"

"எங்க அத்தா மவுத்தானப்ப எங்கம்மா மொகம் இப்பிடித்தான் இருந்துச்சு. எல்லார்ட்டயும் நல்லாத்தான் பேசுவாங்க. மொகம் மட்டும் கூட வராது."

ஜெயக்கொடி குழாயை மூடினாள். "தங்கச்சி" என்றாள்.

பெயரென்ன என்று அசீனா கேட்டாள். பியூலா என்று சொன்னபோதுதான், அந்தப் பெயரைத் தன் வாயால் சொல்லி வெகுநாளாயிற்று என்று ஜெயக்கொடிக்குத் தெரிந்தது. வீட்டில் அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. வெளியே யாரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாதிச் சாப்பாட்டில் ஜெயக்கொடி கேட்டாள், உங்கம்மா எப்போது சரியானாங்க என்று.

"தெரியல டீச்சர். ஒரு நாளு பாக்கேன், பக்கத்து வீட்டுல சண்ட போட்டுட்டு இருந்தாங்க. எப்ப மாறுனாங்கன்னு நாங்க யாருமே கவனிக்கல."

மூன்றாம் நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். அவரவர் பாடம் நடத்திய வீடியோவை அவரவர் வகுப்புப் பிள்ளைகளிடம் போட்டுக் காட்டுங்கள், அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள், அதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்று நவநீதகிருஷ்ணன் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து டீ போட்டுக்கொண்டு ஜெயக்கொடி அந்த வீடியோவைப் போனில் மறுபடி பார்த்தாள். இந்தத் தடவை முகத்தை விட்டுவிட்டுப் பாடத்தைப் பார்த்தாள், ஒரு கண்காணிப்பாளர் பார்ப்பதுபோல. மூன்று இடங்களில் அந்தப் பெண் "புரியுதா?" என்று கேட்டாள். கேட்ட மூச்சிலேயே அடுத்த வரிக்குப் போய்விட்டாள். கூடத்தில் பிள்ளைகள் யாரும் இல்லை என்பதால் அப்படியா என்று யோசித்தாள். இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்போம் என்று தோன்றியது. ஜூலையிலிருந்தே அப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம் போல. கையிலிருந்த டீ ஆறிப்போயிருந்தது. அதையும் குடித்தாள்.

திங்கட்கிழமை வகுப்பில் போர்டைப் போட்டாள். பிள்ளைகளுக்கு அதுவே பெரிய அதிசயம். ஆனாலும் யாரும் சத்தம் போடவில்லை. டீச்சர் டிவியில் வருவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். முடிந்ததும், எப்படி இருக்கிறது என்று ஜெயக்கொடி கேட்டாள். நல்லா இருக்கு டீச்சர் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

இந்த டீச்சரைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் இரண்டாவது வரிசையிலிருந்து முப்பிடாதி எழுந்தாள். துடுக்கான பிள்ளை. நாலாம் வகுப்பில் இருந்தபோது அவள் பேச்சை அடக்க ஆள் போதாது என்பார்கள்.

"பாவமா இருக்கு டீச்சர்."

அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். முப்பிடாதி உட்காரவில்லை. சொல்லு என்றாள் ஜெயக்கொடி.

"நாங்க பேசி வச்சிருக்கோம் டீச்சர். ஒங்க கிளாஸ்ல யாரும் சத்தம் போடக்கூடாது, ஒண்ணும் கேக்கக்கூடாதுன்னு. கேட்டா நீங்க அழுதுருவீங்க."

"புரியலன்னா என்ன செய்வீங்க?"

"மத்தியானம் நாலாப்பு டீச்சர்ட்ட போயிக் கேட்டுக்கிருவோம்."

சத்துணவு சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் நாலாம் வகுப்பு வாசலில் கூடி நிற்பதை ஜெயக்கொடி பல நாள் பார்த்திருக்கிறாள். அங்கே ஏதோ விளையாட்டு என்று நினைத்திருந்தாள். தன் வகுப்பின் அமைதியைப் பற்றிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் சொன்னதெல்லாம் காதில் வந்து போயிற்று. ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். எல்லாரும் அவளைச் சீண்டாமல் ஒதுங்கி நடந்து பழகியிருக்கிறார்கள். கோபப்பட வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. கோபம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை.

பிள்ளைகள் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் அழ மாட்டேன்" என்றாள். "எனக்கு அழுகையே வரல."

"ஏன் டீச்சர் வரல?"

கேட்டது கடைசி பெஞ்சு அலெக்ஸ். இந்த வருஷம் அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். எங்க அய்யா செத்தப்ப நான் ரெண்டு நாளு அழுதேன் என்று அவன் பக்கத்தில் இருப்பவனிடம் முணுமுணுப்பது கேட்டது.

"தெரியலடா" என்றாள் ஜெயக்கொடி. தெரியாது என்று டீச்சரே சொன்னால் அது நியாயமான பதில்தான் என்பதுபோல் பிள்ளைகள் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

பிறகு கணக்குப் புத்தகத்தை எடுக்கச் சொன்னாள். ஜூன் மாதத்துக்குப் பிறகு நடத்திய எதெல்லாம் புரியவில்லை, கையைத் தூக்குங்கள் என்றாள். முதலில் ஒரு கை எழுந்தது. அது அப்படியே நிற்பதைப் பார்த்துவிட்டு இன்னும் நாலைந்து. கடைசியில் கை தூக்காதவர்களை எண்ணுவது சுலபமாக இருந்தது. பின்னங்கள் முழுக்கவே ஒருவருக்கும் விளங்கவில்லை. நாலாம் வகுப்பு டீச்சர் தன் சாப்பாட்டு நேரத்தில் எவ்வளவுதான் சொல்லிக்கொடுத்திருக்க முடியும்?

அன்றே முதலிலிருந்து தொடங்கினாள். போர்டில் ஒரு தோசையை வரைந்து, பிள்ளைகளையே வந்து விரலால் வெட்டச் சொன்னாள். ஒருத்தன் வெட்டியது கோணலாகப் போயிற்று, இது பாதியே இல்லை என்று இன்னொருத்தி ஓடிவந்து அழித்தாள். உனக்குப் பெரிய துண்டு வேணும்னு பாக்க என்று அவன் கத்தினான். பாதி என்றால் என்ன என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். சத்தம் கேட்டு கனகலட்சுமி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. ஜெயக்கொடி அவரைப் பார்த்தாள். கனகலட்சுமி ஒன்றுமில்லை என்று கையைக் காட்டிவிட்டு, திரும்பிப் போகும்போது கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனார்.

சாப்பாட்டு இடைவேளையில் ஜெயக்கொடி நாலாம் வகுப்பு டீச்சரிடம் போனாள். அந்தப் பெண் பயந்துவிட்டாள். உங்களைக் குறைத்து நினைத்துச் செய்யவில்லை டீச்சர், பிள்ளைகள் வந்து நின்றார்கள், எப்படி விரட்டுவது என்று கேட்டாள். இனிமேல் அனுப்ப மாட்டேன் என்று மட்டும் ஜெயக்கொடி சொன்னாள். நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் போயிருந்தாள். டிபன் பாக்ஸைத் திறந்து, கொண்டுபோயிருந்த புளிச்சோற்றில் பாதியை அவள் தட்டில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. வீடு அப்படியேதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் பாடும்போது அவள் குரல் பாடியது, அவள் எங்கோ இருந்தாள். வகுப்பிலும் பாதி நாள் அவளுக்குத் தன் சத்தம் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல்தான் கேட்டது. ஆனால் புரியுதா என்று கேட்டுவிட்டு நிற்கப் பழகிக்கொண்டாள். அதுதான் கஷ்டமாக இருந்தது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் உள்ள அந்தக் கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளின் முகங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தாள். மூக்கு ஒழுகுகிறவன், உதட்டைக் கடித்துக்கொண்டு யோசிக்கிறவள், தூங்கி விழுகிறவன் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒரு நாள் முப்பிடாதியின் கோரைப்பல் விழுந்திருப்பதைக் கண்டுபிடித்து, எப்போது விழுந்தது என்று கேட்டாள். அது விழுந்து ரொம்ப நாளாகிறது டீச்சர், பாதிப் பல்லு முளைச்சிருச்சு என்று முப்பிடாதி வாயைத் திறந்து காட்டினாள்.

கிறிஸ்துமஸ் லீவு முடிந்து பள்ளி திறந்த பிறகு, ஒரு மத்தியானம் அலெக்ஸ் போர்டின் டச் பேனாவை எடுத்து ஒளித்து வைத்துவிட்டான். பேனா இல்லாமல் விரலால் எழுதினாலும் போர்டில் எழுதும். ஆனாலும் ஜெயக்கொடி பேனா எங்கே என்று கேட்டாள். கடைசி பெஞ்சில் கிளுகிளுவென்று ஒரு சிரிப்பு. அவள் நடந்து போய் அலெக்ஸின் பைக்குள் கையை விட்டாள். பேனா இருந்தது.

"ஏலே, எந்திரி. பாடம் நடத்த வந்தா பேனாவத் தேடிக்கிட்டு அலையணுமா நானு? வெளிய போயி நில்லு."

குரல் வராந்தா வரைக்கும் போயிற்று. வகுப்பு சட்டென்று அடங்கியது. அத்தனை பிள்ளைகளும் அலெக்ஸைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவளுக்கே தெரிந்தது, எதற்காகப் பார்க்கிறார்கள் என்று. பேனாவோடு போர்டுக்குப் போய், விட்ட இடத்திலிருந்து கணக்கை எழுதத் தொடங்கினாள்.

அலெக்ஸ் வாசலில் போய் நின்றான். தண்டனை வாங்கியவன் மாதிரியே இல்லை அவன். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை மட்டும் உள்ளே நீட்டி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனிடம், திட்டிட்டாங்கல்லே என்று ரகசியமாகச் சொன்னான்.

ஜெயக்கொடிக்கு அது கேட்டது. மூன்றாவது கணக்கை யார் போடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, கைகள் எழும் வரை நின்றாள்.